‘87 வயதில் செனட்டர் ஆன பாட்டி’: இந்தப் படம் உங்கள் குழுவுக்கும் வந்ததா?

செந்தூல்வாசி

இந்த வாரம் முழுக்க எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே படம். வெள்ளைத் தலை, கறுப்பு உடை, சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர். கீழே, “87 வயதில் அமெரிக்காவின் முதல் பெண் செனட்டர்! வயது ஒரு தடையே அல்ல! இனிய காலை வணக்கம்!” கோவில் குழுவில் வந்தது, தாமான் (குடியிருப்பு) குழுவில் வந்தது, பழைய மாணவர் குழுவில் மூன்று பேர் தனித்தனியாகப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் நல்ல மனசோடுதான் அனுப்புகிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அம்மா யார் என்று ஒருத்தராவது தேடிப் பார்த்திருப்பார்களா என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

பெயர் ரெபேக்கா லாட்டிமர் ஃபெல்டன். 1835 ஜூன் 10 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் டிகேட்டர் பக்கம் பிறந்தவர். 1852-ல் கல்லூரிப் படிப்பை வகுப்பில் முதலாவதாக முடித்தார், அடுத்த வருஷமே வில்லியம் ஃபெல்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் டாக்டர், மெத்தடிஸ்ட் பிரசங்கி, பின்னால் அரசியல்வாதி. கார்ட்டர்ஸ்வில் பக்கத்தில் பண்ணை, பண்ணையில் அடிமைகள். உள்நாட்டுப் போரில் எல்லாம் போனது. ஐந்து பிள்ளைகள் பெற்று ஒரே ஒரு பையன்தான் பெரியவனாகும் வரை பிழைத்தான். போருக்கு அப்புறம் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து பள்ளிக்கூடம் நடத்திப் பிழைப்பை ஓட்டினார்கள்.

1922 நவம்பர் 21 அன்று செனட்டில் பதவிப் பிரமாணம் எடுத்தார். மறுநாள் ஒரு சின்ன உரை, அதோடு பதவி முடிந்தது. மொத்தமே 24 மணி நேரம். முதல் பெண் செனட்டர், புதிதாக உள்ளே வந்தவர்களிலேயே அதிக வயதானவர், எல்லாரையும் விடக் குறைந்த நேரம் இருந்தவர், மூன்றும் ஒரே ஆள். நாலாவதாக இன்னொன்றும் உண்டு, அதை மட்டும் ரோஜாப்பூ படத்தில் போட மாட்டார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் உட்கார்ந்தவர்களில், மனிதர்களை அடிமையாகச் சொந்தத்தில் வைத்திருந்த கடைசி ஆள் இவர்தான்.

நான் கேட்பது இதுதான். இவரைக் கொண்டாட வேண்டுமா? கொண்டாடினால் எதற்காக?

ரொட்டிசானாய்88

ஒரு நாள் வேலைக்குப் பென்ஷன் உண்டா அண்ணே? அதைச் சொல்லுங்க முதல்ல 😂

பினாங்குக்காரி

செந்தூல் அண்ணே, நீங்கள் தொடங்கிய விதமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அடிமைகளை வைத்திருந்தது உண்மை, மறைக்க வேண்டாம். ஆனால் அந்த 24 மணி நேரத்துக்கு முன்னால் அவருக்கு ஐம்பது வருஷப் பொதுவாழ்க்கை இருக்கிறது, அதை இரண்டு வரியில் தாண்டிவிட்டீர்களே.

1874-ல் புருஷன் சுயேச்சையாக நாடாளுமன்றத்துக்கு நின்று ஜெயித்தபோது, கடிதம் எழுதுவது, பத்திரிகைக்கு எழுதுவது, கூட்டம் ஏற்பாடு செய்வது, உரை தயாரிப்பது எல்லாம் இந்த அம்மாதான். பெண்ணுக்கு ஓட்டே இல்லாத காலம் அது. இந்தத் தொகுதிக்கு இரண்டு பிரதிநிதிகள் என்று எதிரிகள் கிண்டல் செய்தார்கள். கிண்டல்தான், ஆனால் பொய் இல்லை. 1881 வரை அவர் வாஷிங்டனில் இருந்த காலம் முழுக்க அலுவலகமே இவர் கையில்.

அப்புறம் கைதிகளை வாடகைக்கு விடும் முறை. போர் முடிந்த பிறகு ஜார்ஜியா அரசாங்கம் தன் கைதிகளைத் தனியார் கம்பெனிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. நிலக்கரிச் சுரங்கம், செங்கல் சூளை, ரயில் பாதை என்று எங்கே ஆள் வேண்டுமோ அங்கே. பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். சின்னத் திருட்டுக்கும் வருஷக்கணக்கில் தண்டனை, ஏனென்றால் ஆள் கூடக் கூட வாடகை கூடும். இதில் லாபம் பார்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஜோசப் பிரவுன், ஜான் கார்டன் இருவரும் கவர்னராகவும் செனட்டராகவும் இருந்த பெரிய கைகள், இருவருக்குமே இந்தத் தொழிலில் பங்கு இருந்தது. அவர்களை எதிர்த்து 1880-களில் பத்திரிகையில் பெயர் போட்டு எழுதியவர் ரெபேக்கா ஃபெல்டன். ஐம்பது சென்ட் எடுத்ததற்காக ஒரு பதினைந்து வயசுக் கறுப்பினச் சிறுமிக்கு ஐந்து வருஷம் கொடுத்ததை எடுத்து எழுதினார். ஆண்களையும் பெண்களையும் ஒரே முகாமில் சங்கிலி போட்டு வைப்பதைக் கேள்வி கேட்டார். அந்த முறை 1908-ல்தான் ஒழிந்தது, அதுவரை இந்த அம்மா விடவில்லை.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்கச் சொல்லிப் போராடினார், மதுவிலக்குக்குப் பேசினார், பெண்ணுக்கு ஓட்டு வேண்டும் என்று அந்த ஊரிலேயே நின்று பேசினார். இதெல்லாம் கணக்கில் வராதா?

செந்தூல்வாசி

வரும் தங்கச்சி, எல்லாம் கணக்கில் வரும். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல். கணக்கைத் திறந்தால் முழுப் பக்கத்தையும் படிக்க வேண்டும் இல்லையா?

1897 ஆகஸ்ட் 11, ஜார்ஜியாவின் டைபீ தீவு. மாநில விவசாயச் சங்கக் கூட்டத்தில் இந்த அம்மா பேசுகிறார். தலைப்பு என்னமோ கிராமத்துப் பெண்களின் நிலைமைதான். பண்ணை வீட்டில் தனியாகக் கிடக்கும் ஏழை வெள்ளைக்காரப் பெண்களை யாரும் கவனிப்பதில்லை, அவர்களுக்குப் படிப்பு வேண்டும், புருஷன்மார் பணத்தைக் குடியில் விடுகிறார்கள் என்று நியாயமாகத்தான் போகிறது பேச்சு. போகிற போக்கில் திரும்புகிறது பாருங்கள். கறுப்பின ஆண்களிடமிருந்து வெள்ளைக்காரப் பெண்ணைக் காப்பாற்றக் கும்பலாகச் சேர்ந்து தூக்கில் போடுவதுதான் வழி என்றால், “வாரத்துக்கு ஆயிரம் தடவையானாலும் போடுங்கள்” என்கிறார். கோபத்தில் வாய் தவறி வந்த வார்த்தை என்று யாராவது சொல்வீர்கள், அதற்கும் வழியில்லை. அச்சில் வந்தது, ஊர் ஊராகப் போனது, அவர் ஒரு நாளும் பின்வாங்கவில்லை.

ஐம்பது சென்டுக்காகத் தண்டனை பெற்ற அந்தச் சிறுமிக்காக எழுதிய அதே கை இது. எனக்கு இது இரண்டு ஃபெல்டன் இல்லை, ஒரே ஆள்தான். கைதியாக, அடங்கி, பரிதாபமாக இருக்கும் வரை இரக்கம் உண்டு. சமமாக எழுந்து நின்றால் கயிறு.

தோட்டத்துப்பிள்ளை

அந்தப் பேச்சு பேச்சோடு நிற்கவில்லை, அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மறுவருஷம், 1898. வட கரோலினாவில் வில்மிங்டன் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே கறுப்பினத்தவர்கள் நகர ஆட்சியில் பங்கு, சொந்தக் கடை, சொந்தப் பத்திரிகை என்று ஓரளவு தலை நிமிர்ந்து வாழ்ந்தார்கள். தேர்தல் வருகிறது. வெள்ளைக்காரர்களுக்கு வெறியேற்றுவதற்காக ஃபெல்டனின் பழைய பேச்சை ஒரு பத்திரிகை தூசி தட்டிப் போடுகிறது. டெய்லி ரெக்கார்டு என்ற கறுப்பினப் பத்திரிகையின் ஆசிரியர் அலெக்சாண்டர் மேன்லி பதில் எழுதினார். எல்லாம் பலாத்காரம் இல்லை, விரும்பிப் பழகுபவர்களும் உண்டு, உங்கள் ஆண்கள் எங்கள் பெண்களுக்குச் செய்ததையும் கொஞ்சம் பாருங்கள் என்ற மாதிரி. உண்மை சுட்டது. அந்தத் தலையங்கத்தையே திரும்பத் திரும்ப அச்சடித்துத் தேர்தல் ஆயுதமாக்கினார்கள்.

நவம்பர் 10 காலையில் ஆயுதம் ஏந்திய கும்பல் அந்தப் பத்திரிகை அலுவலகத்தை எரித்தது. தெருவில் கறுப்பினத்தவர்களைச் சுட்டுக் கொன்றது. ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த நகர நிர்வாகத்தைத் துப்பாக்கி முனையில் ராஜினாமா செய்யவைத்துவிட்டு அதே கும்பலின் தலைவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டார்கள். மேன்லி முன்னாலேயே தப்பிவிட்டதால் பிழைத்தார். இவ்வளவும் நடந்த பிறகு ஃபெல்டனிடம் கேட்டார்கள். மேன்லி மாதிரி ஆளுக்குத் தூக்குக் கயிற்றின் பயம் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று யார் பெரிய குரலில் பேசினாலும், எந்தப் பெண், யாரிடமிருந்து என்று கேட்கத் தோன்றும். விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன எங்கள் பாட்டிகளின் மானம் யார் பேச்சிலும் வந்ததில்லை. ஃபெல்டன் பேச்சிலும் பண்ணையில் கூலி வேலை செய்த கறுப்பினப் பெண்ணுக்கு இடமே கிடையாது. அவளுக்கு யாரால் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும், அவளைப் பண்ணையில் வேலை வாங்கிய துரைமாரால்.

ரொட்டிசானாய்88

சரி, நான் சிரிப்பு ஸ்மைலி போட்டதை எடுத்துக்க முடியாது போல.

ஆனா ஒன்னு கேக்குறேன், இவ்வளவு இருந்தும் இவரை யார் செனட்டர் ஆக்கினது, ஏன்?

வக்கீலம்மா

இதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி, கதையில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

1913-க்கு அப்புறம் அமெரிக்காவில் செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். இடையில் ஒருவர் இறந்துபோனால் தேர்தல் நடக்கும் வரை மாநில கவர்னர் ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். 1922 செப்டம்பர் 26 அன்று ஜார்ஜியா செனட்டர் டாம் வாட்சன் இறந்தார். கவர்னர் பெயர் தாமஸ் ஹார்ட்விக். இவர் முன்பு செனட்டராக இருந்தபோது பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கும் திருத்தத்தை எதிர்த்து ஓட்டுப்போட்டவர். அந்த மாதம்தான் கவர்னர் பதவிக்கான கட்சித் தேர்தலிலும் தோற்றிருந்தார். காலியான செனட் இடத்தில் தானே நிற்க ஆசை. ஆனால் 1920-லிருந்து பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது, அந்த ஓட்டுக்கு இவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்காது. என்ன செய்வது? நாளைக்குத் தனக்குப் போட்டியாக வர முடியாத, ஆனால் பெண்கள் மனம் குளிரும்படியான ஓர் ஆள் வேண்டும். 87 வயது ஃபெல்டன் கச்சிதமாகப் பொருந்தினார். அக்டோபர் 3 அன்று நியமனம். அவை கூடுவதற்குள் தேர்தல் முடிந்துவிடும், இந்த அம்மா உள்ளே காலடி வைக்கப் போவதே இல்லை என்ற கணக்கு வேறு. பூ கொடுத்தது மாதிரியும் ஆச்சு, செலவும் இல்லை.

ஜார்ஜியா பெண்கள் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1919-ல் அந்தத் திருத்தத்தை முதன்முதலில் நிராகரித்த மாநிலமே ஜார்ஜியாதான். 1920-ல் நாடு முழுக்கச் சட்டம் ஆன பிறகும், ஆறு மாதத்துக்கு முன்பே பெயர் பதிந்திருக்க வேண்டும் என்று சொல்லி அந்த ஜனாதிபதித் தேர்தலில் அவர்களை ஓட்டுப்போட விடவில்லை. 1970-ல்தான் அந்த மாநிலம் பேருக்காவது ஒப்புதல் கொடுத்தது.

ஹார்ட்விக் கணக்கு இரண்டு பக்கமும் தவறியது. கட்சிக்குள் நடந்த போட்டியில் வால்டர் ஜார்ஜ் என்பவரிடம் தோற்றார். இன்னொரு பக்கம் பெண்கள் அமைப்புகள் விடாமல் கடிதம் எழுதி, ஒரு நாளாவது அவையைக் கூட்டி அந்த அம்மாவை உட்காரவிடுங்கள் என்று நெருக்கின. ஜனாதிபதி ஹார்டிங் அதற்காகவென்று கூட்டவில்லை, ஆனால் வேறு மசோதாவுக்காக நவம்பர் 20-ல் சிறப்புக் கூட்டம் கூட்டவேண்டி வந்தது. ஃபெல்டன் ரயில் ஏறி வாஷிங்டன் வந்துவிட்டார். ஜெயித்த ஜார்ஜ் தன் சான்றிதழை உடனே கொடுத்திருந்தால் இவருக்கு வழியே இல்லை. அவர் ஒரு நாள் தள்ளிப்போட்டார். 21-ஆம் தேதி பிரமாணம் நடந்தது, 22-ஆம் தேதி பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னார், எழுந்து பேசினார். பெண்கள் வந்து உங்களோடு உட்காரும் காலத்தில் திறமை கிடைக்கும், நேர்மையான நோக்கம் கிடைக்கும், உயர்ந்த நாட்டுப்பற்று கிடைக்கும், முழு உழைப்பும் கிடைக்கும், இதற்கு நான் உறுதி என்றார். முடித்துவிட்டு இறங்கினார், ஜார்ஜ் ஏறினார்.

என் கருத்து, நியமனம் என்பது கொடுப்பவரின் கதை. வாங்கியவரின் கதையை வேறு இடத்தில் தேட வேண்டும். அந்த ஒரு நாளை வைத்து ஃபெல்டனைக் கொண்டாடுவதும் சரியில்லை, கிண்டல் செய்வதும் சரியில்லை. ஒரு நாள்தான் கொடுத்தார்கள், அந்த ஒரு நாளையும் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

பங்சார்மாமா

வக்கீலம்மா சொன்னது நம் ஊருக்கும் பொருந்தும். மலேசிய மேலவையில் 70 இடம். 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்புகின்றன, மீதி 44 நியமனம். ஒரு தவணை மூன்று வருஷம், இரண்டு தவணைக்கு மேல் கிடையாது. தேர்தலில் தோற்றவரைச் சமாதானப்படுத்த ஒரு செனட்டர் பதவி, மகளிர் பகுதிக்கு ஒன்று, சமூகத்துக்கு ஒன்று என்று காப்பிக் கடையில் நாமே பேசுவோம் இல்லையா. அதற்காக அங்கே போனவர் எல்லாரும் வெறும் பூச்சாடி என்று சொன்னால் பாவம்.

ஜானகி ஆதி நாகப்பன் ஒருவர் போதும். 1943-ல் நேதாஜி கோலாலம்பூர் வந்து பேசியபோது போட்டிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பதினெட்டு வயசில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். வசதியான வீட்டுப் பெண், படை முகாம் சாப்பாட்டைப் பார்த்ததும் முதலில் கண்ணீர் வந்திருக்கும். ம.இ.கா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தொடங்கிய காலத்திலேயே அதில் இருந்தார். செனட்டர் பதவி எல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. 2014-ல் அவர் காலமானபோது எத்தனை பேருக்கு அவரைத் தெரிந்திருந்தது? இந்த ஜார்ஜியா பாட்டிக்கு ரோஜாப்பூ பார்டர் போடத் தெரிந்தவர்கள் நம் ஊர் ஜானகிக்கு ஒரு படம் போட்டு அனுப்பக் கூடாதா?

நியமனமே வேண்டாம் என்பவர்களுக்கு எங்கள் பங்சார் தொகுதி இருக்கிறது. 1952-ல் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் தேவகி கிருஷ்ணன் இங்கேதான் நின்று ஜெயித்தார். மலாயாவிலேயே தேர்தலில் ஜெயித்த முதல் பெண். யாரும் கொடுத்தது இல்லை, வீடு வீடாகப் போய் வாங்கியது.

பினாங்குக்காரி

மாமா, ஜானகி அம்மையார் படத்தை நானே செய்து அனுப்புகிறேன், ரோஜாப்பூ இல்லாமல்.

ஃபெல்டன் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஜார்ஜியாவில் வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தானே நினைத்தார்கள்? 1835-ல் பிறந்தவரை இன்றைய அளவுகோலில் அளப்பது எவ்வளவு நியாயம்?

தோட்டத்துப்பிள்ளை

அக்கா, இன்றைய அளவுகோல் எதற்கு, அன்றைய அளவுகோலே போதும். கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ் 1862-ல் மிசிசிப்பியில் அடிமையாகவே பிறந்தவர். 1892-ல் மெம்பிஸில் மளிகைக் கடை வைத்திருந்த இவருடைய நண்பரையும் கூட இருந்த இருவரையும் கும்பல் கொன்றது. குற்றம் என்ன? வெள்ளைக்காரர் கடைக்குப் போட்டியாக வியாபாரம் நன்றாக நடந்தது. அன்றிலிருந்து வெல்ஸ் ஒவ்வொரு கொலையாக எடுத்து விசாரித்து, பலாத்காரம் என்பது பெரும்பாலும் சாக்குதான் என்று அச்சில் போட்டார். அவர் பத்திரிகை அலுவலகத்தையும் உடைத்தார்கள், ஊருக்குத் திரும்பினால் கொல்வோம் என்றார்கள். இதெல்லாம் டைபீ பேச்சுக்கு ஐந்து வருஷம் முன்னால். ஃபெல்டன் பத்திரிகை படிக்காதவரா? அட்லாண்டா ஜர்னலில் இருபது வருஷத்துக்கு மேல் பத்தி எழுதியவர். தெரியாமல் பேசினார் என்று சொன்னால் அது அவர் புத்திக்கே அவமானம்.

வெல்ஸும் பெண்ணுரிமைக்காரர்தான். 1913-ல் வாஷிங்டன் ஊர்வலத்தில் கறுப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கட்டும் என்று சொன்னபோது மறுத்துவிட்டு, நடுவில் புகுந்து தன் மாநிலக் குழுவோடு நடந்தவர். ஒரே காலம், ஒரே நாடு, ஒரே கோரிக்கை.

பினாங்குக்காரி

சரி, இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. கைதிகள் விஷயத்தில் நான் சொன்னது அப்படியே நிற்கும்.

வக்கீலம்மா

நிற்கட்டும், நிற்க வேண்டியதுதான்.

தோட்டத்துத் தம்பிக்காக ஒரு பின்குறிப்பு. வழிவிட்ட வால்டர் ஜார்ஜைப் பல கட்டுரைகளில் பெரிய கனவானாக எழுதுகிறார்கள். அவர் அந்த இடத்தில் 1957 வரை, 34 வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது அதை எதிர்த்துத் தெற்கு மாநில உறுப்பினர்கள் 1956-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள், அதைச் செனட்டில் எழுந்து வாசித்தவர் இவர்தான்.

ரொட்டிசானாய்88

அடப்பாவி. அப்ப அந்த நாற்காலி இப்ப யார்கிட்ட இருக்கு?

வக்கீலம்மா

அதே வரிசை இடத்தில் 2020 ஜனவரியில் கெல்லி லெஃப்லர் வந்தார், ஜார்ஜியாவின் இரண்டாவது பெண் செனட்டர். ஃபெல்டனுக்கும் இவருக்கும் நடுவில் 97 வருஷம். இவரும் கவர்னர் நியமித்தவர்தான், முன்னவர் உடல்நலம் சரியில்லாமல் விலகியதால். தேர்தலில் நின்றார், தோற்றார். தோற்கடித்தவர் ராஃபேல் வார்னாக், மார்ட்டின் லூதர் கிங் ஊழியம் செய்த எபெனேசர் தேவாலயத்தின் போதகர், ஜார்ஜியாவின் முதல் கறுப்பினச் செனட்டர். 2021-லிருந்து இடம் அவருடையது.

செந்தூல்வாசி

ஆக, ஜார்ஜியாவிலிருந்து செனட்டுக்குப் போன பெண்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே நியமனம். ஓட்டுப்போட்டு ஒருத்தரைக்கூட இன்னும் அனுப்பவில்லை. ‘முதல் பெண் செனட்டர்’ படத்தை அடுத்த தடவை யாராவது போட்டால் இந்த ஒரு வரியைக் கீழே ஒட்டிவிடுங்கள், கூடவே வில்மிங்டன் என்ற பெயரையும். எங்கள் கோவில் குழுவில் நான் ஒட்டிவிட்டேன். அட்மின் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார், அது வேறு கதை.